கை பட்டால் நிற்கும்

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்: உள்ளறையில் கிட்டார் ரிப்பேர் செய்கிறவர். சமையலறையில் அவர் மனைவி, கை நிறையக் கண்ணாடி வளையலும் நெஞ்சுக்குள் ஒரு விசிலுமாக, சிறுவயதிலிருந்தே மூச்சிழுப்புக்காரி. கூடத்துச் சோபாவில் அவளுடைய தம்பி, வேன் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வந்து பொழுது சாயும்வரை கிடப்பவன். விரலில் சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டே பேசுகிறவன், சாவிச் சத்தம் நின்றால் ஆள் தூங்கிவிட்டான் என்று அர்த்தம். அப்புறம், ரிப்பேர்காரரின் மேசைமேல் ஒரு எலெக்ட்ரிக் கிட்டார். அதையும் ஒரு தலையாக எண்ண வேண்டியிருக்கும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

அந்த உள்ளறைதான் பட்டறை. முன்பு குடியிருந்தவன் ரெக்கார்டிங் செய்கிறேன் என்று ஜன்னலை அடைத்து, சுவர் முழுக்க ஸ்பாஞ்சு ஒட்டி, யானை முட்டினாலும் அசையாத கதவு ஒன்றைப் போட்டு, அதில் கையகலத்துக்கு ஒரு கண்ணாடியும் பதித்துவிட்டு, தொழிலே வேண்டாம் என்று போய்ச் சேர்ந்தான். சாமான் திருட்டுப் போகக்கூடாதே என்று பூட்டு வெளிப்பக்கம் மட்டும். ஒரு சாவி ரிப்பேர்காரரிடம். அவர் தொலைத்தால் உதவட்டும் என்று இன்னொன்று மச்சினனின் கொத்தில். வெளியே சாவி திரும்பும்போது உள்ளே இருப்பவனுக்கு 'டொக்' என்று சுள்ளி ஒடிகிற மாதிரி கேட்கும். அந்தக் கதவைத் தாண்டி உள்ளே வரும் சத்தம் அது ஒன்றுதான். உள்ளே தொண்டை கிழியக் கத்தினாலும் கூடத்தில் இருப்பவன் திரும்பிப் பார்க்கமாட்டான்.

ரிப்பேர்காரருக்கு அது வசதியாக இருந்தது. கம்பியில் ஒளிந்திருக்கும் சின்னச் சத்தத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் பெரிய சத்தங்களை வாசலிலேயே நிறுத்த வேண்டும். செல்போனைக்கூட உள்ளே கொண்டுபோகமாட்டார். அழைப்பு வருவதற்கு முன்பே ஆம்ப்ளிஃபையர் டிக்டிக் என்று பதற ஆரம்பித்துவிடும். போன் சமையலறை அலமாரியில், உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் கிடக்கும்.

கிட்டாரைக் காலையில் கொண்டுவந்தது ஒரு வயதான அம்மாள். மகனுடையது என்றார். மகன் எங்கே என்று ரிப்பேர்காரர் கேட்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள்.

"பிரிட்ஜ்ல ஏதோ கோளாறுன்னு சொல்லிட்டிருந்தான் தம்பி. கம்பி இரையுதாம்."

"கம்பியில கை வெச்சா நிக்குதாம்மா?"

"நிக்குது."

"அப்ப பயப்படற வியாதி இல்ல. அடியில ஒரு வயர் இருக்கும், அதப் பாத்துக்கலாம்."

அம்மாள் கிட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தார். "கை வெக்காட்டியும் நிக்குது," என்றார்.

"அது எப்படிம்மா?"

"எங்க வீட்ல இப்ப ஒரு சத்தமும் கிடையாது தம்பி. முன்னெல்லாம் நாய் கொலைக்கும். அவரு ராவெல்லாம் இருமுவாரு."

ரிப்பேர்காரர் சும்மா சிரித்துவைத்தார். எப்போது வாங்க வருகிறீர்கள் என்று கேட்பதற்குள் அம்மாள் வாசலைத் தாண்டியிருந்தார். போகும்போது அம்மாளின் செருப்புச் சத்தம் கேட்டதா என்று பிற்பாடு எவ்வளவோ யோசித்தும் ரிப்பேர்காரருக்கு நினைவு வரவில்லை.

சாப்பிட்டு முடித்துப் பட்டறைக்குள் போனார். வெளியே நல்ல வெயில். கதவைச் சாத்தியதும் வெயில் இல்லை, தெரு இல்லை, மச்சினனின் சாவி இல்லை. ஸ்பாஞ்சின் பழைய ரப்பர் வாடையும், காய்ந்துகொண்டிருந்த சால்டரிங் அயர்னின் புகைவாடையும், மேசை விளக்கின் மஞ்சள் வட்டமும் மட்டும். கிட்டாரை ஆம்ப்ளிஃபையரில் சொருகினார். ம்ம்ம்ம் என்று இரைச்சல் எழுந்தது.

எலெக்ட்ரிக் கிட்டார் என்றாலே கொஞ்சம் இரையும். வீட்டுச் சுவருக்குள் ஓடும் கரண்டை எல்லாம் அது ஒட்டுக்கேட்கும். கம்பிகள் பிரிட்ஜ் என்கிற உலோகத் தகட்டின்மேல் உட்கார்ந்திருக்கின்றன; பிரிட்ஜின் அடியிலிருந்து ஒரு எர்த் வயர் போகிறது; வாசிக்கிறவன் கை கம்பியில் பட்டதும் அவன் உடம்பும் அந்தக் கூட்டில் சேர்ந்துகொள்ள, இரைச்சல் அடங்கிவிடும். எடுத்தால் மறுபடி ம்ம்ம். கை பட்டால் நிற்கும். இந்தத் தொழிலில் அது அரிச்சுவடி. அதற்கு அடுத்த பாடம், தொட்டுக்கொண்டே சோதிக்காதே என்பது. கையை வைத்துக்கொண்டு 'இரைச்சல் போயிடுச்சு' என்று சந்தோஷப்படும் கற்றுக்குட்டிகளை அவர் எத்தனையோ பேரைக் கேலி செய்திருக்கிறார்.

ஸ்க்ரூடிரைவர் எடுக்க முதுகைத் திருப்பி மேசை இழுப்பறைக்குள் கைவிட்டார்.

இரைச்சல் நின்றது.

இரண்டு கையும் இழுப்பறைக்குள் இருந்தன. அப்படியே நின்றார். ஆம்ப்ளிஃபையரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. கிட்டார் மல்லாந்து கிடந்தது. ஆறு கம்பியும் அசையவில்லை. ஆனால் அந்த நிசப்தம் வயர் பிடுங்கின நிசப்தம் இல்லை. அவருக்கு அந்த வித்தியாசம் தூக்கத்திலும் தெரியும். ஒரு உள்ளங்கை கம்பிகளின்மேல் மெத்தென்று படிந்தால் வருகிற நிசப்தம் அது. கூர்ந்து கேட்டால் அதற்குள் தோல் உரசுகிற ஒரு சின்னச் சரசரப்பு இருக்கும்.

இருந்தது.

பிறகு ம்ம்ம்ம் திரும்பி வந்தது, யாரோ கையை எடுத்துக்கொண்ட மாதிரி.

லூஸ் கனெக்‌ஷன் என்று சொல்லிக்கொண்டார். வாய்விட்டே சொன்னார். பின்மூடியைக் கழற்றி வயரைப் பார்த்தார். பற்றவைத்த சால்டர் புத்தம்புதிதாக மின்னியது, இழுத்தாலும் வரவில்லை. ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டுப் பிரிட்ஜைக் கழற்றிக் கவிழ்த்தார். பிரிட்ஜின் மேல்பக்கம் வாசிக்கிறவனின் உள்ளங்கை வேர்வை பட்டுப் பட்டுப் பச்சை பிடிப்பது எல்லா கிட்டாரிலும் உண்டு. இதில் மேல்பக்கம் பளிச்சென்று இருந்தது. பச்சை அடிப்பக்கத்தில் இருந்தது. மரத்தோடு ஒட்டிக் கிடக்கிற, எந்தக் கையும் போக முடியாத அடிப்பக்கத்தில், உள்ளங்கையின் மேடும் நாலு விரலின் அடிக்கணுவும் அச்சடித்த மாதிரி.

அதை அவர் துணியால் துடைத்தார். பார்க்கப் பிடிக்காத எதையும் அவர் அப்படித்தான் செய்வார்.

பிரிட்ஜை மாட்டி மறுபடி எல்லாவற்றையும் போட்டார். அவருக்கென்று ஒரு பழக்கம் உண்டு. இரைச்சலுக்கு நடுவில் மற்றக் கோளாறுகள் காதில் விழாது என்பதால், இரண்டு முனையிலும் பல்கிளிப் வைத்த நீள வயர் ஒன்றை எடுத்து, ஒரு முனையைப் பிரிட்ஜிலும் மறுமுனையைத் தன் கைக்கடிகாரத்தின் ஸ்டீல் பட்டையிலும் கவ்வவிடுவார். அவரே எர்த். கை கம்பியில் படாமலே இரைச்சல் அடங்கியிருக்கும், இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். பல வருஷப் பழக்கம். அன்றைக்கும் மாட்டினார். இரைச்சல் அடங்கியது. மணிக்கட்டில் கடிகாரத்துக்குக் கீழே ஜில்லென்றது, யாரோ நாடி பிடித்துப் பார்க்கிற மாதிரி. ஸ்டீல் என்றால் ஜில்லென்றுதான் இருக்கும்.

கதவு திறந்தது. மச்சினன்.

"மாமா, அக்காவுக்கு இழுப்பு வந்திருச்சு. அந்த இன்ஹேலர் எங்க வெச்சீங்க?"

எழுந்து ஓடினார். வயர், மறுமுனை பிரிட்ஜைக் கவ்வியபடியே, கடிகாரத்தில் தொங்கிப் பின்னாலேயே நீண்டு வந்தது. பட்டறையை ஒட்டித்தான் சமையலறை, நீளமும் இருந்தது, அவர் கவனிக்கவில்லை. மனைவி மேடையைப் பிடித்துக் குனிந்து நின்றாள். நெஞ்சுக்குள் விசில் ஏறி இறங்கியது, பழைய கதவுக் கீல் மாதிரி. அவர் ஒரு கையால் டப்பாக்களைத் துழாவினார், மறுகையால் அவள் முதுகைத் தடவினார்.

கை பட்டதும் விசில் நின்றது.

குறையவில்லை. நின்றது. குழாயை இறுக்கி மூடினாற்போல.

அவள் நிமிர்ந்தாள். முகத்தில் வேர்வை, ஆனால் சிரிப்பு. "பரவாயில்லயே. இத்தன வருசமா இந்தக் கைய எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

"டாக்டருக்குக் குடுத்த நேரத்துக்கு மாமாவத் தடவச் சொல்லியிருக்கலாம்," என்றான் மச்சினன், சாவியைச் சுழற்றியபடி. கலகலவென்றது கொத்து. "அது சரி, என்ன மாமா, வாலோட வந்திருக்கீங்க?"

அப்போதுதான் அவர் வயரைப் பார்த்தார். கடிகாரத்திலிருந்து கழற்றிச் சுருட்டிக்கொண்டே பட்டறைக்குத் திரும்பினார்.

உள்ளே கிட்டார் இரைந்துகொண்டிருந்தது. வெறும் இரைச்சல். அவர் சுவரோரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டார். நிற்கவில்லை. வெகுநேரம் கேட்டார். ஒரு தடவைகூட நிற்கவில்லை. கோளாறு போய்விட்டது. எப்படிப் போனது என்று தெரியவில்லை, ஆனால் தொழிலில் பாதிக் கோளாறுகள் அப்படித்தான் போகும். அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

மனைவி டீ கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அவர் ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு டம்ளரை எடுக்கக் கை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது.

அவள் வைத்தபோது டம்ளர் மேசையில் பட்ட சத்தம் வரவில்லை.

அவள் உள்ளே வந்ததும் அவருக்குக் கேட்கவில்லை. அவள் வருகை எப்போதும் மூன்று அறைக்கு முன்பே கேட்கும். வளையல் ஒரு பக்கம், விசில் ஒரு பக்கம், தரையைத் தேய்க்கும் நடை ஒரு பக்கம். "ஒனக்கு காலிங் பெல்லே வேணாம்" என்று அவர் கிண்டல் செய்வதுண்டு. இப்போது அவள் கையை அசைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். வளையல்கள் ஒன்றோடொன்று மோதின. மோதுவது தெரிந்தது. அவ்வளவுதான்.

"என்னங்க அப்படிப் பாக்குறீங்க?" குரல் வந்தது. ஆனால் மெலிந்து, போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி.

"ஒனக்கு இப்ப மூச்சு எப்படி இருக்கு?"

"இருக்கறதே தெரியல. அவ்வளவு நல்லா இருக்கு."

அவர் அவளைக் கூடத்துக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தார். பட்டறையின் ஸ்பாஞ்சு சத்தத்தைத் தின்றிருக்கும் என்று நம்பிப் பார்த்தார். கூடத்தில் ஃபேன் கடகடத்தது, தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள், மச்சினன் சோபாவில் சாவியைக் கலகலத்தான். எல்லாம் கேட்டது. அவளைத் தவிர.

"அக்கா இன்னிக்கு அமைதியின் சொரூபமா இருக்கா," என்றான் மச்சினன். "என்ன மாமா வித்த இது? சொல்லிக்குடுங்க. நாளைக்கு எனக்கும் கல்யாணம் ஆகும்."

அவள் தம்பியைத் திட்ட வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. நன்றாக நீளமாகவே திட்டினாள். ஒரு எழுத்துக்கூட வெளியே வரவில்லை. அது அவளுக்குத் தெரியவில்லை. திட்டி முடித்துத் திருப்தியாகப் புடவையை உதறிக்கொண்டாள்.

மச்சினனின் சாவி நின்றது. தூக்கம் இல்லை.

"மாமா," என்றான். "அக்கா உதடு ஏன் நீலமா இருக்கு?"

ரிப்பேர்காரர் அவள் முன்னால் மண்டியிட்டு அவள் நெஞ்சில் காதை வைத்தார். கல்யாணமான நாள்முதல் அவர் தூங்கும்போது கேட்டுக்கொண்டிருந்த இடம் அது. ராத்திரியில் அந்த விசில் நின்றால் அவருக்கு விழிப்பு வந்துவிடும். மறுபடி தொடங்கினால்தான் கண் சொருகும். காதை அழுத்தினார். விசில் இல்லை. மூச்சு இல்லை. அதற்கும் உள்ளே, அடியில், துடிக்க வேண்டியதும் இல்லை.

தலைக்கு மேலே அவள் அவருடைய முடியைக் கோதிக்கொண்டிருந்தாள்.

விரல்கள் ஜில்லென்று இருந்தன.

அவருக்குப் புரிந்தது. பிரிட்ஜிலிருந்து வயர், வயரிலிருந்து தன் கை, கையிலிருந்து அவள் முதுகு. பாதை போட்டுக் கொடுத்ததே அவர்தான். அந்த வீட்டின் நாயும், இருமுகிற கிழவரும் அவர் நினைவுக்கு வந்தார்கள். வந்தது வந்த வழியிலேயே திரும்பிப் போகவும் வேண்டும். வயரிங்கில் வேறு நியாயம் கிடையாது.

"தூக்கு அக்காவ. பட்டறைக்கு."

"ஆஸ்பத்திரிக்கு மாமா."

"சொல்றதச் செய். அப்புறம் ஆஸ்பத்திரி."

மச்சினன் அவளுடைய ஒரு கையைப் பிடித்துத் தோளில் தாங்கினான். மறுகையை ரிப்பேர்காரர் பிடித்துக்கொண்டார். கதவுக்குப் பக்கத்திலேயே அவளை நிறுத்தி, ஆம்ப்ளிஃபையரைப் போட்டார். ம்ம்ம்ம். ஒரு கிளிப்பைத் தன் கடிகாரத்தில் மாட்டினார். மற்றதைப் பிரிட்ஜில் கவ்வவிட்டார்.

இரைச்சல் நின்றது.

அந்த நிசப்தத்தில் மனைவி இழுத்தாள். நெஞ்சின் அடியிலிருந்து ஒரு மூச்சு, கிழிந்த துருத்தி மாதிரி, அசிங்கமாக, நீளமாக. விசில் ஏறியது. இறங்கியது. வளையல் சலசலத்தது. உலகத்தில் அத்தனை இனிமையான சத்தத்தை ரிப்பேர்காரர் கேட்டதில்லை. அவர் கண் கலங்கிவிட்டது.

"என்னங்க," என்று திணறினாள். "என்னமோ பண்ணுதுங்க எனக்கு."

"ஒண்ணுமில்ல. இழுப்பு. நல்லா இழு." அவள் கையை விட்டார். மச்சினனிடம் சொன்னார்: "கூட்டிட்டுப் போ. வேன்ல ஏத்து. கதவ வெளிய பூட்டிடு."

"நீங்க?"

"நான் கைய எடுக்க முடியாது. இது இப்ப கிட்டார்ல இருக்கு. நான் எடுத்தா வெளிய வந்துடும். நீங்க ரெண்டு பேரும் போனப்புறம் இந்த வயர அடியோட வெட்டிடறேன்."

"எது மாமா கிட்டார்ல இருக்கு?"

"கேக்காத. போ. அந்தம்மா வந்து கேட்டாலும் திறக்காத, நான் கண்ணாடியத் தட்டினாலும் திறக்காத. நான் தட்டினா, அது நான் இல்லன்னு வெச்சுக்கோ."

மச்சினன் அவரை ஒரு மாதிரி பார்த்தான். அக்காவின் விசில் அவனை அவசரப்படுத்தியது. அவளை அணைத்துக்கொண்டு வெளியே நகர்ந்தான். போகிறபோக்கில் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துப் பழக்கதோஷத்தில் விரலில் ஒரு சுற்றுச் சுற்றினான். ரிப்பேர்காரர் அவளுடைய மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். கதவு நெருங்க நெருங்க அது மெலிந்தது. கதவு மூடிக்கொண்டது. விசில் அறுந்தது.

அவர் 'டொக்'குக்காகக் காத்திருந்தார்.

வரவில்லை.

பூட்டினானா? கண்ணாடியில் மச்சினனின் முகம் தெரிந்தது. குனிந்து சாவியைத் திருப்புகிறான். நிமிர்கிறான். பூட்டிவிட்டான். ரிப்பேர்காரர் எட்டிக் கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. பூட்டியாயிற்று. சத்தமில்லாமல்.

அவர் கடிகாரத்திலிருந்த கிளிப்பைப் பார்த்தார். பிரிட்ஜிலிருந்த கிளிப்பைப் பார்த்தார்.

இரைச்சல் நின்றது. சரி. நின்றது. அவர்தானே மாட்டியிருந்தார். அவர் மாட்டினால் எப்போதும்தான் நிற்கும். அது கிட்டாரில் இருந்தாலும் நிற்கும், இல்லாவிட்டாலும் நிற்கும். கற்றுக்குட்டிப் பிழை. தொட்டுக்கொண்டே சோதித்துவிட்டார்.

அவர் பிடித்தது அவளுடைய ஒரு கைதான். மறுகையை யார் பிடித்திருந்தது?

கிளிப்பின் பல்லைப் பிரித்தார். கடிகாரத்திலிருந்து எடுத்தார். வயரைக் கீழே போட்டார். இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு கேட்டார்.

நிசப்தமாக இரு. தயவுசெய்து. பிடித்துக்கொண்டிரு.

ம்ம்ம்ம்.

கதவில் பாய்ந்தார். அடித்தார். உதைத்தார். கண்ணாடிக்கு அப்பால் மச்சினன் அக்காவைத் தோளோடு அணைத்துக் கூடத்து வெளிச்சத்தில் வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தான். அவள் தலை அவன் தோளில் சாய்ந்திருந்தது. அவன் விரலில் சாவிக்கொத்து சுழன்றது. ரிப்பேர்காரர் கண்ணாடியைக் கைமுட்டியால் தட்டினார். வாசலருகே போனவன் ஒருமுறை திரும்பி, கண்ணாடியில் ஆடும் கையைப் பார்த்தான். சொன்ன சொல் தவறாதவன். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டான். அவன் உதடுகள் நீலமாக இருந்தன.

வாசல் கதவு மூடிக்கொண்டது.

கடிகாரத்துக்குக் கீழே அவர் மணிக்கட்டு வெதுவெதுப்பாக இருந்தது. பின்னால் கிட்டார் இரைந்துகொண்டே இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை.